ஸ்கிராபிள் சொல்லாட்டம்: ஆட்டநுட்பம் வளர்ந்த வரலாறு

ஒரு விளையாட்டின் விதிகளை ஒருவர் ஒரு சில ஆண்டுகளில் வகுத்துவிடலாம். ஆனால் அவ்விதிகளுக்குள் மறைந்து கிடக்கும் நுட்பங்களைக் கண்டறிய ஒரு தலைமுறை போதுவதில்லை. எழுத்துக்கட்டைகளைக் கொண்டு சொற்களை அமைக்கும் ஸ்கிராபிள் என்னும் ஆட்டம் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1948ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்ற பின்னர், அதன் பலகையும் கட்டைகளும் புள்ளிக் கணக்கும் பெரிதாக மாறவில்லை. எனினும் அதனை ஆடும் முறை முற்றிலும் மாறிவிட்டது. இல்லங்களில் பொழுதுபோக்காக ஆடுவோர் 200 புள்ளிகளை எட்டினாலே மகிழ்ந்துபோவர். போட்டிக் களத்தில் தேர்ந்தவர்களோ 400 புள்ளிகளைத் தாண்டுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். பலகை ஒன்று, கட்டைகள் ஒன்று, விதியும் ஒன்று. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

மிகுதியான சொற்களை அறிந்திருப்பதே காரணம் என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதி, சொல்லிலன்றி எண்ணில் அடங்கியிருக்கிறது. அதனை அறிய இவ்வாட்டத்தின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

வேலையிழந்த கட்டடக் கலைஞர்

அமெரிக்க நாட்டைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம். 1931ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வேலையிழந்தார். 1899இல் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதைக் கடந்திருந்தது. கட்டடம் கட்டுவார் இல்லாத அக்காலத்தில், வறுமையில் வாடும் மக்களுக்குச் செலவின்றிப் பொழுதுபோக்கத் தக்க ஓர் ஆட்டத்தை உருவாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவருள் எழுந்தது.

மனம்போன போக்கில் அவர் அம்முயற்சியில் இறங்கவில்லை. உலகில் வழங்கும் ஆட்டங்களை ஆராய்ந்து மூவகையாகப் பகுத்தார். பகடை போன்ற எண்ணாட்டங்கள் ஒரு வகை. சதுரங்கம் போன்ற நகர்த்தாட்டங்கள் மற்றொரு வகை. எழுத்துகளைக் கலைத்துச் சொல்லாக்கும் சொல்லாட்டங்கள் மூன்றாம் வகை. பகடையில் நற்பேறே ஆட்சி செய்கிறது. சதுரங்கத்தில் திறமையே ஆட்சி செய்கிறது. இரண்டும் சம அளவில் கலந்த ஆட்டமே பெரும்பாலோர்க்கு இன்பம் தரும் என்று அவர் முடிவு செய்தார். 1913ஆம் ஆண்டில் ஒரு நியூயார்க் நாளேட்டில் தோன்றிய குறுக்கெழுத்துப் புதிர், 1920களில் அந்நாட்டு மக்களைப் பெரிதும் கவர்ந்திருந்தது. எழுத்தாட்டத்தோடு குறுக்கெழுத்தின் அமைப்பையும் இணைக்க அதுவே வழிகாட்டியாயிற்று.

எண்ணிக்கையே அடித்தளம்

ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை கட்டைகள் இருத்தல் வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண பட்ஸ் மேற்கொண்ட வழி எளியது. ஆயினும் பொறுமை மிகத் தேவைப்படுவது. நியூயார்க் டைம்ஸ் முதலிய நாளேடுகளை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணிக் குறித்தார். மறைமொழியொன்றை எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு விடுவிக்கும் நாயகனைப் பற்றி எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி கோல்ட் பக்' என்னும் கதை, இம்முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது என்பர்.

அந்த எண்ணிக்கையின் பயனே இன்றளவும் நிலைத்திருக்கும் பங்கீடாகும். மொத்தக் கட்டைகள் 100. அவற்றுள் 'இ' 12, 'ஏ', 'ஐ' ஆகியவை ஒவ்வொன்றும் 9, 'ஓ' 8, 'யு' 4. ஆக உயிரெழுத்துகள் 42. மெய்யெழுத்துகள் 56. எவ்வெழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுக்கட்டைகள் 2. அரிய எழுத்துகளாகிய 'கியூ', 'இசட்' ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கட்டையே உண்டு. அதற்கு ஈடாக ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள். 'ஜே', 'எக்ஸ்' ஆகியவற்றுக்கு 8 புள்ளிகள். எளிதில் வரும் எழுத்துக்குப் புள்ளி 1 மட்டுமே.

'எஸ்' என்னும் எழுத்தில் மட்டும் பட்ஸ் வேண்டுமென்றே கை சுருக்கினார். ஆங்கிலத்தில் அது மிகுதியாக வழங்குவது. பெரும்பாலான பெயர்ச்சொற்களின் பன்மையை அதுவே உண்டாக்குகிறது. அதனைத் தாராளமாக வழங்கினால் ஆட்டம் எளிதாகிச் சுவை கெடும் என்று கருதி, நான்கே கட்டைகள் வைத்தார். பிற்காலத்து ஆட்டக்காரர்கள் அவ்வெழுத்தைப் பொன்போலப் பாதுகாத்ததற்கு அவர் அன்று செய்த சிக்கனமே காரணமாகும்.

முதலில் 'லெக்சிகோ' என்னும் பெயரில் பலகையின்றி ஆடப்பட்ட இவ்வாட்டம், 1938இல் பலகை பெற்றுக் 'கிரிஸ் கிராஸ் வேர்ட்ஸ்' ஆயிற்று. பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அதனை ஏற்க மறுத்தன. பட்ஸ் தம் இல்லத்திலேயே கட்டைகளைச் செய்து நண்பர்களுக்கு வழங்கி வந்தார். அவருடைய துணைவியார் நீனா, முன்னர் அவருக்குப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். ஆட்டத்தைப் படைத்தவரினும் ஆசிரியையே அதனை நன்கு ஆடினார் என்பது சுவையான செய்தி.

பழைய பள்ளிக் கட்டடத்தில் ஒரு தொழில்

1948ஆம் ஆண்டில் ஜேம்ஸ் புரூனோ என்பவர், விற்பனையாகும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்கு ஒரு சிறு தொகை தருவதாக ஒப்புக்கொண்டு, ஆட்டத்தைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். 'ஸ்கிராபிள்' என்னும் பெயரைச் சூட்டியவர் அவரே. கையால் தேடித் துழாவுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்குவோர்க்கு 50 புள்ளிகள் மிகையாக வழங்கும் விதியும் அவர் காலத்திலேயே சேர்ந்தது. இவ்வொரு விதி, பின்னாளில் ஆட்டநுட்பம் முழுவதையும் தன்னைச் சுற்றிச் சுழலச் செய்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றில் புரூனோ குடும்பத்தார் கட்டைகளைச் செய்தனர். 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் விற்றும் 450 டாலர் இழப்பே ஏற்பட்டது. 1952இல் மேசீஸ் என்னும் நியூயார்க் பேரங்காடியின் தலைவர், விடுமுறையில் இவ்வாட்டத்தை ஆடி மகிழ்ந்து, தம் கடைக்கு அதனை வரவழைத்தார் எனக் கூறுவர். அதன் பின்னர்த் தேவை பெருகியது. புரூனோவால் ஈடுகொடுக்க இயலாமையால், முன்னர் அதனை மறுத்திருந்த செல்சோ அண்ட் ரைட்டர் நிறுவனமே தயாரிப்பை ஏற்றது. 1954ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம் பெட்டிகள் விற்றன.

கூடத்து ஆட்டமும் களத்து ஆட்டமும்

இவ்வாறு இல்லந்தோறும் புகுந்த ஆட்டம், தொடக்கத்தில் சொல்வளத்தைக் காட்டும் ஆட்டமாகவே கருதப்பட்டது. அழகிய நீண்ட சொல்லை அமைத்தவர் பாராட்டப் பெற்றார். இரண்டெழுத்துச் சொல்லை வைத்தவர் சோம்பேறி எனப்பட்டார். கையில் எஞ்சும் கட்டைகளைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

இம்மனப்பான்மையை மாற்றியவர்கள் மொழிப் புலவர்கள் அல்லர். 1960களில் நியூயார்க் நகரத்துச் சதுரங்கக் கூடங்களில் காசு வைத்து ஆடியவர்களே அவர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை காசு என்று ஆடுவோர்க்குச் சொல்லின் அழகு பொருட்டன்று, புள்ளியே பொருட்டு. சதுரங்கத்தில் பழகிய அவர்கள், சதுரங்கத்தின் கண்கொண்டே இப்பலகையையும் நோக்கினர். இந்த நகர்வுக்குப் பின் எதிராளி என்ன செய்வார், எந்த வழியைத் திறக்கலாம், எதனை அடைக்கலாம் என்னும் கேள்விகள் அங்கேதான் முதன்முதலாக முறையாக எழுப்பப்பட்டன. நேரத்தை அளக்கும் கடிகாரமும் சதுரங்கத்திலிருந்தே இவ்வாட்டத்திற்கு வந்தது.

1971இல் இங்கிலாந்தில் தேசியப் போட்டி தொடங்கியது. அங்குத் தொடக்க ஆண்டுகளில் வெற்றி தோல்வியைக் கொண்டன்றி, மொத்தப் புள்ளிகளைக் கொண்டே வாகையர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதனால் இருவரும் பலகையைத் திறந்து வைத்து ஆடுவதே நலம் என்றாயிற்று. எதிராளியைத் தடுப்பதில் பயனில்லை. பின்னர் வெற்றியே அளவுகோலான போது, தடுப்பாட்டமும் உரிய மதிப்பைப் பெற்றது. அளவுகோல் மாறினால் நுட்பமும் மாறும் என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவுபடுத்துகிறது.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டில் மெரியம் வெப்ஸ்டர் நிறுவனம் இவ்வாட்டத்திற்கெனத் தனி அகராதி ஒன்றை வெளியிட்டது. முதல் தேசியப் போட்டியும் அவ்வாண்டிலேயே நடைபெற்றது. அதுவரை எது சொல், எது சொல்லன்று என்னும் வழக்கு ஓயாமல் இருந்து வந்தது. அகராதி வந்ததும் வழக்கு ஓய்ந்தது, பயிற்சி தொடங்கியது. எல்லைக்குட்பட்ட பட்டியலாயின் அதனை முறையாகக் கற்கலாம் அன்றோ!

நுட்பங்கள் நான்கு

அக்காலந்தொட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் கண்டறிந்தவற்றை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, சிறுசொற்களின் பெருமை. போட்டிப் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்திற்கு மேல் உள்ளன. இவற்றை அறியாதவர், பலகையிலுள்ள சொல்லைக் குறுக்கே வெட்டி மட்டுமே தம் சொல்லை வைக்க இயலும். அறிந்தவரோ, இருக்கும் சொல்லின் அருகே அதற்கு இணையாகவே தம் சொல்லைப் படுக்க வைப்பார். அப்போது தொடும் இடந்தோறும் ஒரு சிறுசொல் உண்டாகி, அதே கட்டைகள் மீண்டும் ஒரு முறை எண்ணப்படும். பலகையின் 225 கட்டங்களுள் 61 கட்டங்கள் புள்ளியைப் பெருக்கும் தன்மையுடையவை. அவற்றுள் எழுத்தை மும்மடங்காக்கும் கட்டமொன்றில், இரு திசையிலும் சொல்லாகும்படி 'எக்ஸ்' கட்டையை வைத்தால், அவ்வொரு கட்டையே 24ஆக இரு முறை எண்ணப்பட்டு 48 புள்ளிகளைத் தரும். இரண்டெழுத்துச் சொல்லின் ஆற்றல் அத்தகையது.

இரண்டாவது, கையிருப்பைப் பேணுதல். இதுவே ஆட்டநுட்பத்தின் உயிர்நிலை எனலாம். தொடக்கநிலையில் இருப்பவர் எதனை வைப்பது என்று மட்டும் எண்ணுகிறார். தேர்ந்தவர் எதனை மீதம் வைப்பது என்றும் எண்ணுகிறார். ஒரு சொல் 24 புள்ளிகள் தந்து, கையில் 'யு', 'வி', 'டபிள்யு' ஆகியவற்றை விட்டுச் செல்கிறது என்று கொள்வோம். மற்றொரு சொல் 19 புள்ளிகளே தந்து, 'இ', 'ஆர்', 'எஸ்' ஆகியவற்றை விட்டுச் செல்கிறது. முதற்பார்வைக்கு முன்னதே மேல் எனத் தோன்றும். ஆனால் அடுத்த முறையில் ஏழு கட்டைகளையும் இறக்கி 50 புள்ளி மிகை பெறும் வாய்ப்பு பின்னதிலேயே மிகுதி. இன்று இழந்த 5 புள்ளிகள் நாளை பன்மடங்காகத் திரும்பும். உயிரும் மெய்யும் அளவாகக் கலந்த கையிருப்பே நற்கையிருப்பு. எழுத்துகள் முற்றிலும் பொருந்தாவிடில், ஒரு முறையை இழந்தேனும் கட்டைகளைப் பையிலிட்டு மாற்றிக்கொள்வது தோல்வியன்று, அறிவுடைமையே.

மூன்றாவது, ஏழெழுத்துச் சொற்களை முறையாகக் கற்றல். பல்லாயிரம் ஏழெழுத்துச் சொற்களையும் அகரவரிசையில் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஆகவே, மற்ற எழுத்துகளோடு எளிதில் சேரும் ஆறெழுத்துத் தொகுதிகளைத் தேர்ந்து அவற்றின் வழியே கற்கும் முறை உருவாயிற்று. விழித்திரையைக் குறிக்கும் 'ரெட்டினா' என்னும் சொல்லின் ஆறு எழுத்துகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றோடு 'ஜி' சேர்ந்தால் கருங்கல்லைக் குறிக்கும் 'கிரானைட்' பிறக்கும். 'சி' சேர்ந்தால் உறுதியைக் குறிக்கும் 'செர்ட்டன்'. 'எம்' சேர்ந்தால் பள்ளிவாசலின் கோபுரத்தைக் குறிக்கும் 'மினரெட்'. 'எஃப்' சேர்ந்தால் மேலும் மங்கலானது எனப் பொருள்படும் 'ஃபெயின்ட்டர்'. 'எஸ்' சேர்ந்தாலோ ஒன்றன்று, பல சொற்கள் பிறக்கும். ஒரு வேரிலிருந்து பல கிளைகளைக் கற்கும் இம்முறை, வகுப்பறையிலும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நான்காவது, கணக்கு வைத்தல். பட்ஸ் வகுத்த பங்கீடு எல்லார்க்கும் தெரிந்ததே. ஆகவே பலகையில் வந்தவற்றையும் தம் கையில் உள்ளவற்றையும் 100இலிருந்து கழித்தால், பையிலும் எதிராளியின் கையிலும் எஞ்சியவை எவை என்பது விளங்கும். பை காலியானதும் எதிராளியின் கட்டைகள் யாவும் ஐயமின்றித் தெரிந்துவிடும். அந்நிலையில் நற்பேறு ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறது, சதுரங்கமே எஞ்சுகிறது. எதிராளியின் கையில் 'கியூ' சிக்கியிருப்பதை அறிந்தவர், அதனை வைக்கத்தக்க இடத்தை அடைத்துவிட்டு ஆட்டத்தை முடிப்பார். எதிராளிக்கு 10 புள்ளிகள் குறையும். முடித்தவர்க்கு 10 கூடும். நெருங்கிய ஆட்டங்கள் பலவற்றின் வெற்றியை இந்த 20 புள்ளிகளே முடிவு செய்கின்றன.

கணிப்பொறி கற்பித்த பாடம்

இந்நான்கும் நெடுங்காலம் பட்டறிவால் பெற்ற முடிவுகளாகவே இருந்தன. அவற்றை அளந்து காட்டியது கணிப்பொறி. 1980களில் பிரையன் ஷெப்பர்ட் என்பவர் 'மேவன்' என்னும் கணிப்பொறி நிரலை உருவாக்கினார். ஒரு நிலையில் வைக்கத்தக்க சொற்கள் சிலவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் பின்னும் ஆட்டம் எவ்வாறெல்லாம் தொடரக்கூடும் என்று ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்த்து, சராசரியில் சிறந்ததை அது தேர்ந்தெடுத்தது. 1998ஆம் ஆண்டில் 14 ஆட்டங்கள் கொண்ட ஒரு தொடரில், தேர்ந்த ஆட்டக்காரரான ஆடம் லோகனை 9க்கு 5 என்னும் கணக்கில் அது வென்றது. அதே லோகன் 2005இல் உலக வாகையரானார் என்பதைக் கொண்டு அந்நிரலின் ஆற்றலை உணரலாம்.

கணிப்பொறி வந்த பின்னர், கையிருப்பின் மதிப்பை எண்ணால் கூறுவது இயல்வதாயிற்று. வெற்றுக்கட்டைக்கு அச்சிட்ட புள்ளி ஏதுமில்லை. ஆனால் அதனைக் கையில் வைத்திருப்பது ஏறத்தாழ 25 புள்ளிகளுக்குச் சமம். 1 புள்ளி மட்டுமே உடைய 'எஸ்' ஏறத்தாழ 8 புள்ளிகள் பெறும். 10 புள்ளிகள் தாங்கிய 'கியூ', கையில் தங்கினால் பயனைவிடச் சுமையே மிகுதி. கட்டையின் மேல் பொறித்த விலை வேறு, அதன் உண்மையான மதிப்பு வேறு என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும். வெற்றுக்கட்டையைச் சிறு சொல்லில் செலவிடுவோர், வெற்றியையே விலைபேசி விடுகின்றனர்.

கீழ்த்திசையின் வெற்றி

1991இல் இலண்டனில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. தொடக்கத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டினரே வென்று வந்தனர். அந்நிலை மாறியது மலேசிய மண்ணில் என்பது இவ்வட்டார மக்கள் மகிழத்தக்க செய்தி. 2003ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் மோதிய இருவரும் தாய்லாந்து நாட்டினர். இருபது வயதும் நிரம்பாத பனுபோல் சுஜ்ஜயாகோர்ன் வென்றார். பகோர்ன் நெமித்ர்மன்சுக் தோற்றார்.

தோற்றவர் துவளவில்லை. 2005இல் இலண்டனில் மீண்டும் இறுதியை எட்டி மீண்டும் தோற்றார். 2009இல் ஜொகூர் பாருவில் மூன்றாம் முறையாக இறுதியை எட்டி, அப்போதைய பெருவீரரான நைஜல் ரிச்சர்ட்ஸை 3க்கு 1 என்னும் கணக்கில் வென்று உலக வாகையரானார். பகோர்னும் தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர். வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஒருவர் படைத்த ஆட்டத்தில், ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், வேற்று மொழி பேசும் கட்டடக் கலைஞர் ஒருவர் உலகை வென்றார்.

2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வென்ற நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரேயும் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர். நீண்ட சொல் கைக்கு வந்த போதும், தக்க வேளையில் குறுஞ்சொல்லையே வைத்து, நல்ல எழுத்துகளைக் காத்துக்கொள்ளும் உத்தியை அந்நாட்டு ஆட்டக்காரர்கள் முறையாகப் பயின்றிருந்தனர். நீண்ட சொல்லே பெருமை என்று தொடங்கிய வரலாறு, குறுகிய சொல்லே கூர்மை என்னும் நிலையை அடைந்தது.

சொல்லறிவும் மொழியறிவும்

நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர். 2007 முதல் 2019 வரை ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர். 2015இல் அவர் செய்த செயல் உலகை வியக்க வைத்தது. பிரெஞ்சு மொழி பேச அறியாத அவர், ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலைக் கற்று, பெல்ஜியத்தில் நடைபெற்ற பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் வாகை சூடினார். 2024இல் ஸ்பெயினில் நடைபெற்ற ஸ்பானிய மொழி உலகப் போட்டியிலும் வென்றார். பொருளறியாத சொற்களைக் கொண்டு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே அவர் வென்றார்.

இச்செய்தி மொழியாசிரியர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வியை எழுப்பாமல் இராது. பொருளறியாமலே வெல்ல முடியுமெனில், இவ்வாட்டம் மொழி வளர்ச்சிக்கு எவ்வகையில் உதவும்? இதனை மழுப்பிவிடலாகாது. வாகையர் நிலையில் இவ்வாட்டம் எழுத்துகளைக் கொண்டு ஆடும் கணக்கே ஆகும். சொல் அங்கே பொருள் சுமந்த உயிராக இல்லை. எழுத்துகளின் ஏற்கத்தக்க அடுக்காகவே இருக்கிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் ஒரு கடிதத்தைப் பிழையின்றி எழுதுவான் என்பதற்கு உறுதியில்லை. இவ்வாட்டத்தைக் கொண்டு மொழியை முழுமையாகக் கற்பித்துவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாற்றமே அடைவர்.

எனினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவதும் பொருந்தாது. கற்கும் மாணவன் வாகையர் நிலையில் இல்லை. அறியாத சொல்லைப் பலகையில் கண்டதும் அதன் பொருள் யாதெனக் கேட்பவன் அவன். அகராதியைப் புரட்டும் பழக்கம், எழுத்துக்கூட்டிப் பார்க்கும் கவனம், ஒரு சொல்லின் எழுத்துகளில் மற்றொரு சொல் ஒளிந்திருப்பதைக் காணும் கண் ஆகியவை அவனுக்குக் கிடைக்கும். வைத்த சொல்லுக்குப் பொருள் கூறினால் மட்டுமே புள்ளி என்று வகுப்பறையில் ஒரு விதியைச் சேர்த்துவிட்டால், கணக்காட்டம் மீண்டும் மொழியாட்டமாகிவிடும். அதற்கு எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் தேவையில்லை.

ஒரு மொழிக்குப் பொருந்தும் கட்டைகள் மற்றொரு மொழிக்குப் பொருந்தா என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆங்கிலப் பெட்டியில் 'ஏ' கட்டை 9. மலாய் மொழிப் பெட்டியிலோ அது 19. மலாய்ச் சொற்களில் அவ்வொலி அத்துணை மிகுதியாகப் பயில்கிறது. தமிழின் நிலை இவ்விரண்டினும் வேறானது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உடைய மொழிக்கு, 26 எழுத்துகளுக்கென வகுத்த பங்கீட்டை அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது. உயிர்மெய்யை ஒரே கட்டையாகக் கொள்வதா, மெய்யும் உயிரும் தனித்தனிக் கட்டைகளாகி அடுத்தடுத்து அமர்வதா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல். ஒற்றெழுத்துகள் எத்தனை வேண்டும் என்பது அடுத்தது. இவற்றுக்கு விடை ஊகத்தால் கிடைக்காது, எண்ணினாலே கிடைக்கும். ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கொரு பத்தியாக ஒரு நாளேட்டுப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டு எழுத்துகளை எண்ணத் தொடங்கினால், ஒரு வாரத்திற்குள் அவர்கள் தம் தாய்மொழியைப் பற்றி இலக்கண நூலில் காணாத சில உண்மைகளைக் கண்டறிந்திருப்பர்.

பட்ஸ் 1993ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற ஆட்டம், இருப்பதை உடனே செலவிடுவோர்க்குச் சிறிதும், எஞ்சுவதை எண்ணிப் பார்ப்போர்க்குப் பெரிதும் வழங்கும் இயல்புடையது. ஆட்டத்தில் தேர விரும்பும் மாணவன் சிறுசொற்களை முதலில் கற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். வந்துபோன கட்டைகளைக் குறித்து வர வேண்டும். அறுபது ஆண்டுகளில் வாகையர்கள் கண்டறிந்தவற்றின் சாரம் இவ்வளவே. அச்சொற்களின் பொருளையும் அவன் கேட்டறிந்தால், அவன் பெறும் பயன் வாகையர் பெற்றதினும் பெரிதாக இருக்கும்.